ரோட்ஸ் பழைய நகரம்: விமானமா, இரவுக் கப்பலா, மார்மாரிஸ் படகா?

ஏதென்ஸ் வரை டிக்கெட் எடுத்தாயிற்று. அக்ரோபோலிசுக்கும் அருங்காட்சியகத்துக்கும் நாள் ஒதுக்கியாயிற்று. மிச்ச நாட்களுக்கு ஒரு தீவு வேண்டும். சாண்டோரினியின் விலையையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு ரோட்ஸ் பக்கம் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் அடுத்து வந்து நிற்கும் கேள்வியும் ஒன்றேதான்: தீவில் எப்படிப் போய் இறங்குவது? ஒரு மணி நேர விமானமா, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவெல்லாம் ஓடும் கப்பலா, துருக்கியையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் மார்மாரிஸிலிருந்து வரும் படகா?

டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியான பதில் வராது. ரோட்ஸில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் அதன் பழைய நகரம். தீவின் வடகோடியில், சுமார் நான்கு கிலோமீட்டர் நீள மதிலுக்குள் இருக்கும் ஊர் அது. மருத்துவமனை வீரர்கள் என்று பேர் பெற்ற, சிலுவைப்போர்க் காலத்துக் கிறிஸ்தவப் படையான புனித யோவான் சபை வீரர்கள் 1309-இல் பிடித்து, 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமானிடம் இழந்த ஊர். 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன, துணி காய்கிறது, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். அந்த ஊருக்குள் நல்ல நேரம் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்கள் வந்து இறங்கும் வழிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, நேரம். பயணத்துக்கு எத்தனை மணி ஆகிறது என்பதைவிட, எத்தனை மணிக்கு மதில் வாசலில் நிற்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். சொகுசுக் கப்பல்கள் மதிலை ஒட்டிய துறையிலேயே வந்து கட்டுகின்றன. கோடையில் ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் நின்றுவிட்டால், காலை பத்து மணி வாக்கில் ஆரம்பித்து மாலை நாலு ஐந்து வரை முக்கியக் கடைத்தெருவான சாக்ரடீஸ் தெருவில் கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அதே தெரு காலை ஏழு மணிக்குக் காலியாகக் கிடக்கும். ஆகவே விடியற்காலையும் இரவும் உங்கள் கையில் வருகிறதா என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது, வீட்டுக் கதவிலிருந்து ஓட்டல் கதவு வரை ஆகும் மொத்தச் செலவு. லக்கேஜ் கட்டணம், டாக்சி, துறைமுக வரி, இடையில் கூடுதலாகத் தங்கும் ஓர் இரவு எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது, பெட்டியும் முழங்காலும். பழைய நகரத்துத் தெருக்களில் பாதிக்குமேல் கடற்கரைக் கூழாங்கற்களை நட்டக்குத்தலாகப் பதித்த தரை. பார்க்க அழகு. சக்கரப்பெட்டியை இழுத்தால் பத்தடிக்கு ஒருமுறை கவிழும், சத்தமோ தெருவே எழுந்துவிடும். மெல்லிய செருப்பு போட்டிருந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் எண்ணத் தெரியும். பெரும்பாலான சந்துகளுக்குள் வண்டி வராது.

நாலாவது, நம்பகம். காற்று, வேலைநிறுத்தம், விசா மூன்றையும் இதில் சேர்க்கிறேன்.

| | ஏதென்ஸிலிருந்து விமானம் | பிரேயஸிலிருந்து இரவுக் கப்பல் | மார்மாரிஸிலிருந்து படகு |
|---|---|---|---|
| பயண நேரம் | சுமார் 1 மணி | வழியில் நிற்கும் தீவுகளைப் பொறுத்து 12 முதல் 18 மணி | சுமார் 1 மணி |
| இறங்கும் இடம் | பாரதீசி ஊரருகே, நகரிலிருந்து 14 கி.மீ. | அகாந்தியா துறை, நடக்கும் தூரம் | கடல்வாசலுக்கு அருகிலுள்ள துறை |
| பெட்டி | எடை பார்ப்பார்கள் | கட்டுப்பாடு பெரிதாக இல்லை | நடுத்தரம் |
| மறைசெலவு | லக்கேஜ், டாக்சி | கேபின், கப்பல் உணவு | துறைமுக வரி, விசா |
| பெரிய ஆபத்து | இணைப்பு விமானம் தவறுவது | காற்று, வேலைநிறுத்தம் | ஒருமுறை நுழைவு விசா தீர்ந்துபோவது |
| யாருக்கு | நாள் குறைவானவர்களுக்கு, வயதானவர்களுக்கு | இரண்டு இரவுக்குமேல் தங்குபவர்களுக்கு | துருக்கியையும் பார்க்கிறவர்களுக்கு |

## விமானம்

ஏறி உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கோடையில் ஒரு நாளைக்குப் பல சேவைகள் உண்டு. முன்கூட்டிப் பார்த்தால் விலையும் மலிவாகக் கண்ணில் படும்.

அந்த மலிவு விலையில் பெரும்பாலும் கைப்பெட்டி மட்டும்தான் அடங்கும். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக வருகிறவர்கள் முப்பது கிலோ பெட்டியுடன் வருவார்கள். அதை உள்நாட்டு விமானத்தில் ஏற்றத் தனிக் காசு. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால் ஏதென்ஸில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, பணமும் திரும்பாது. ஒரே டிக்கெட்டாக ரோட்ஸ் வரை பதிவு செய்தால் இந்த இரண்டு தலைவலியும் போகும். விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள்.

இறங்கியபிறகு நகரத்துக்குப் பஸ் உண்டு, மந்திராக்கித் துறைமுகத்தை ஒட்டிய புதுச்சந்தைப் பக்கம் கொண்டுவந்து விடும். டாக்சிக்குப் பஸ் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. இதில் பலர் ஏமாறுவது, டாக்சி ஓட்டல் வாசல் வரை போகும் என்று நினைத்துப் பணம் கொடுப்பதில். பழைய நகரத்தில் தங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு மதில் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உங்கள் ஓட்டலுக்கு எந்த வாசல் பக்கம் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேற்பட்ட வாசல்கள் உள்ள மதில் அது. தவறான வாசலில் இறங்கினால் கூழாங்கல் தெருவில் அரை மணி நேரம் போகும்.

விமானத்தை எடுப்பதென்றால் பிற்பகல் சேவையே நல்லது. ஐந்து ஆறு மணிக்கு ஊருக்குள் நுழையும்போது கப்பல் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும். மந்திராக்கியிலிருந்து விடுதலை வாசல் வழியாக உள்ளே போங்கள். 1924-இல் இத்தாலியர்கள் மதிலில் திறந்த வாசல் அது. நுழைந்ததும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அஃப்ரோடைட்டி கோயிலின் சில தூண்துண்டுகள், ஒரு வேலிக்குள், நாலு பூனைகளோடு. அதைத் தாண்டினால் பழைய மருத்துவமனை, அதன் ஓரத்தில் வீரர்கள் தெரு தொடங்குகிறது. விளக்கு போட்டபிறகு அந்தத் தெருவில் ஒருமுறை மேலே ஏறி இறங்கிவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

காலை பத்து மணி விமானத்தில் வந்து நண்பகலில் மதிலுக்குள் நுழைகிறவர்கள்தான் பாவம். வெயில், கூட்டம், அறை தயாராக இரண்டு மூன்று மணியாகும், கையில் பெட்டி. ரோட்ஸ் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து சொல்கிறவர்களில் பலர் இந்த நேரத்தில் வந்து இறங்கியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

## இரவுக் கப்பல்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். கப்பல் நேராகப் போவதில்லை. பாத்மோஸ், லெரோஸ், காலிம்னோஸ், கோஸ் என்று வழியில் நின்று நின்று போகும், ஒவ்வொரு துறையிலும் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு, சங்கிலிச் சத்தம், லாரிகள் இறங்கும் சத்தம். சாதாரண டிக்கெட்டில் ஏறினால் கூடத்து சோபாவுக்கு அடிபிடி. எண் போட்ட நாற்காலி கொஞ்சம் மேல், ஆனால் ஏசி குளிர் எலும்பில் ஏறும். போர்வை அவசியம். கேபின் எடுத்தால் குளியலறையோடு நிம்மதியாகப் படுக்கலாம், ஆனால் விலை விமான டிக்கெட்டை எட்டிப் பிடித்துவிடும், பல நாட்களில் தாண்டியும் போகும். அதில் ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம் என்பதைக் கழித்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் கணக்கு சரியாகத்தான் வரும். தனியாகப் போகிறவர் நாலு பேர் கேபினில் ஒரு படுக்கை மட்டும் எடுக்கலாம்.

பிரேயஸில் ஏறுவதிலும் ஒரு சிக்கல். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ மூன்றாம் தடம் 2022 முதல் நேராகப் பிரேயஸ் வரை வருகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகலாம். ஆனால் ரோட்ஸ் கப்பல் நிற்கும் ஈ1 வாசல் மெட்ரோ நிலையத்தின் எதிர்ப்புறமில்லை. துறைமுகத்தின் மறுகோடியில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் ஓடும் இலவசப் பஸ்ஸைப் பிடியுங்கள். கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பாவது அங்கே இருங்கள். மெட்ரோவில் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்காதீர்கள், அந்தத் தடம் அதற்குப் பேர்போனது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஏகியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று நாள் கணக்கில் வீசும். காற்று அளவு மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பலைக் கிளம்பவிட மாட்டார்கள். பெரிய கப்பல்களுக்கு இந்தத் தடை குறைவாகவே வரும், சிறிய விரைவுப் படகுகள்தான் முதலில் நிற்கும். மாலுமிகள் வேலைநிறுத்தமும் உண்டு. மே 1 அன்று கப்பலை நம்பித் திட்டம் போடவே வேண்டாம். ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும் அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள், ஆனால் நீங்கள் ரோட்ஸில் முன்பணம் கட்டிய அறைக்கு அது பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கப்பல்? விடிந்ததும் மேல்தளத்துக்கு வந்து நில்லுங்கள். இடப்பக்கம் துருக்கிக் கரை நீலமாக ஓடிவரும். பிறகு தீவின் முனை, மந்திராக்கிக் கரையில் மூன்று காற்றாலைகள், அதன் பின்னால் மதில். இந்த நகரம் கடலிலிருந்து வருகிறவன் பார்த்துப் பயப்படவேண்டும் என்று கட்டப்பட்டது. விமானத்தில் வந்தால் அதன் முதுகுப்பக்கமாக நுழைகிறீர்கள். உலக அதிசயங்களில் ஒன்றான பெருஞ்சிலை கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்துபோனது. துறைமுக வாயின் இரு கரையிலும் கால் வைத்து நின்றதாகச் சொல்வது பிற்காலக் கற்பனை. இப்போது மந்திராக்கி வாயில் இரண்டு தூண்களின் மேல் ஓர் ஆண் மானும் ஒரு பெண் மானும் நிற்கின்றன.

இறங்கும் அகாந்தியா துறையிலிருந்து மதில் பத்துப் பதினைந்து நிமிட நடை. கிழக்குப் பக்கமாக உள்ளே நுழைந்தால் முதலில் வருவது பழைய யூதர் தெருக்கள். பழைய வீடுகள், இடிந்த வீடுகள், நடுவே 1577-இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம். கிரீஸில் இப்போதும் வழிபாடு நடக்கும் யூதக் கோயில்களில் மிகப் பழையது அதுதான். பக்கத்துச் சதுக்கத்தில் கடற்குதிரை நீரூற்றும் ஒரு கறுப்பு நினைவுத்தூணும் இருக்கின்றன. 1944 ஜூலையில் ஜெர்மானியர் இந்தத் தெருக்களிலிருந்து ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவர்களை ஆஷ்விட்சுக்குக் கப்பலேற்றினார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். பகலில் இந்தச் சதுக்கத்தைச் சுற்றி ஐஸ்கிரீம் மேஜைகள் நிரம்பிவிடும். காலை ஏழு மணிக்குத்தான் தூணில் எழுதியிருப்பதை நின்று படிக்க முடியும்.

அங்கிருந்து ஹிப்போகிரட்டீஸ் சதுக்கம் தாண்டி வீரர்கள் தெருவுக்கு வந்துவிடுங்கள். இருநூறு மீட்டர் நீளம்கூட இருக்காது. சபை வீரர்கள் பேசும் மொழிவாரியாகப் பிரிந்து, மொழிக்கு ஒரு விடுதி வைத்திருந்தார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ப்ரொவான்ஸ் என்று வரிசையாக வரும். பிரான்ஸ் விடுதி முகப்பில் லில்லிப்பூச் சின்னம் பளிங்கில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஒன்பது மணிக்கு முன் போனால் நடுத்தெருவில் நின்று நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்க்கலாம். ஒருவரும் நகரச் சொல்ல மாட்டார்கள்.

கப்பல் டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது புறப்படும் நேரத்தை அல்ல, சேரும் நேரத்தை. சில நாட்களில் நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் இறக்கிவிடும் சேவை இருக்கும், சில நாட்களில் நண்பகலுக்கு. ஆறு முதல் எட்டரைக்குள் சேரும் கப்பல் கிடைத்தால் உங்கள் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுகூடத் தகும். ஓட்டலில் முன்பே சொல்லிவைத்தால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

## மார்மாரிஸ் படகு

கரைக்குக் கரை ஒரு மணி நேரம். கோடையில் தினமும் ஓடும், குளிர்காலத்தில் அரிதாகிவிடும். ஃபெத்தியேவிலிருந்தும் கோடையில் படகு உண்டு. இஸ்தான்புல், கப்படோக்கியா பார்த்துவிட்டு தாலமான் விமான நிலையத்தில் இறங்கி மார்மாரிஸ் வந்து, படகேறி ரோட்ஸ், அங்கிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து ஊர் என்று ஒரே நேர்கோடாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. துருக்கியிலிருந்து முதலில் ஏதென்ஸுக்குப் பறந்து, அங்கிருந்து ரோட்ஸ் வரும் செலவு மிச்சம்.

இறங்கும் இடமும் மூன்றிலும் இதற்குத்தான் முதல் பரிசு. குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வந்தால் கடல்வாசல் கண்ணெதிரே. இரட்டைக் கோபுரத்தோடு 1478-இல் கட்டியது. அந்தக் காலத்து வணிகர்கள் நுழைந்த அதே வாசலில் நீங்களும் நுழையலாம்.

ஆனால் விசாவைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் ரோட்ஸ் இருக்கிறது, துருக்கி வெளியே. கையில் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்து, ஏதென்ஸ் பார்த்து, ரோட்ஸ் வந்து, அங்கிருந்து மார்மாரிஸுக்குப் போனால், விசா அங்கேயே முடிந்தது. ஏதென்ஸில் திரும்பும் விமானம் வைத்திருந்தால் தொலைந்தீர்கள். துருக்கியிலிருந்து தொடங்கி கிரீஸில் முடிப்பது, அல்லது கிரீஸில் தொடங்கி துருக்கியிலிருந்து ஊர் திரும்புவது, இரண்டும் ஒருமுறை நுழைவுக்குப் பொருந்தும். நடுவில் போய்வருவது பொருந்தாது. துருக்கிக்கு இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் விசா இருந்தால் ஆன்லைனில் ஈ-விசா எடுக்கலாம். விதிகள் மாறும், கிளம்புமுன் ஒருமுறை அரசுத் தளத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். கிரேக்கத் தீவுகளில் இறங்கியதும் தரும் விசா என்று எங்கேயாவது படித்திருந்தால், அது துருக்கியக் குடிமக்களுக்கானது. நமக்கு இல்லை.

மறைசெலவு துறைமுக வரி. டிக்கெட் விலையில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், ரெண்டு பக்கமும் உண்டு. பாஸ்போர்ட் வரிசைக்காகப் படகு நேரத்துக்கு ஒரு மணி முன்பே வரச் சொல்வார்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருப்பதால், கூட்டமான நாளில் வரிசை இன்னும் நீளும்.

மார்மாரிஸில் தங்கிக்கொண்டு காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒரு நாள் சுற்றுலாவை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சொகுசுக் கப்பல் கூட்டம் இருக்கும் அதே மணிகள்தான் உங்களுக்கும் கிடைக்கும். விடியலும் இல்லை, இரவும் இல்லை. அதற்காக ஒரு ஷெங்கன் நுழைவையும் செலவழிக்கிறீர்கள்.

அப்படியும் நண்பகலில் வந்து இறங்க நேர்ந்தால், சாக்ரடீஸ் தெருவை விட்டுவிட்டு மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். 1440-இல் தொடங்கிக் கட்டியது, இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். தடித்த சுவர், நீளமான நோயாளிக் கூடம், முற்றத்தில் அடுக்கி வைத்த கல்லாலான பீரங்கிக் குண்டுகள். முழங்காலிட்டுக் கூந்தலை விரிக்கும் சின்ன அஃப்ரோடைட்டி பளிங்குச்சிலையைத் தேடித்தான் பலர் வருவார்கள். நம்மவர்கள் முத்திரை குத்திய மதுச்சாடிகள் முன்னாலும் கொஞ்சம் நிற்கலாம். புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த சாடித்துண்டுகளில் ரோட்ஸ் சாடியும் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அது வந்த வழியோடு பார்த்தால் நம்முடைய இணைப்பு விமானத் தொல்லை ஒன்றுமேயில்லை.

## எங்கே தங்குவது

வழி தீர்ந்தால் அடுத்த குழப்பம் இது. முன்பு சொன்ன அளவுகோல்களையே இங்கும் வைத்துப் பார்க்கலாம்.

மதிலுக்குள். முதல் அளவுகோலான நேரம் முழுமையாகக் கிடைப்பது இங்கே மட்டும்தான். இரவு பத்துக்குமேல் தெற்குப் பக்கச் சந்துகளில் நடப்பதற்காகவே இங்கே தங்கலாம். அஜியு ஃபனூரியூ தெரு மாதிரி ஒடுங்கிய தெருக்களில் எதிரெதிர் வீடுகளை இணைத்து மேலே கல் வளைவுகள் போகும். அழகுக்காகக் கட்டியதில்லை. நிலநடுக்கத்தில் வீடுகள் சாயாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளக் கொடுத்த முட்டு.

அறைகள் பெரும்பாலும் பழைய துருக்கிய, வீரர்கால வீடுகளில். மரப்பரண் மேல் கட்டில், ஏணி மாதிரிப் படிக்கட்டு, சின்னச் சன்னல். படம் பார்த்து மயங்கி அம்மா அப்பாவுக்கு எடுத்துவிட்டு, ராத்திரி பாத்ரூமுக்கு அவர்கள் அந்தப் படியில் இறங்குவதை நினைத்து நீங்கள் தூங்க மாட்டீர்கள். தரைத்தள அறை என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தையும் அரியோனோஸ் சதுக்கத்தையும் ஒட்டிய அறைகளில் கோடையில் விடிய விடியப் பாட்டுச் சத்தம் உண்டு. வாடகைக் கார் எடுப்பவர்கள் வண்டியை மதிலுக்கு வெளியே எங்காவது விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

புதிய நகரம். மதிலுக்கு வடக்கே, எல்லி கடற்கரையைச் சுற்றி. மின்தூக்கி உள்ள ஓட்டல், வாசலில் டாக்சி, கடலில் குளியல். மதில் வாசல் பெரும்பாலான ஓட்டல்களிலிருந்து பத்து, இருபது நிமிட நடை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலை ஏழு மணிக்கு எழுந்து நடந்துவிட்டால் மதிலுக்குள் தங்கியவருக்குக் கிடைப்பதில் முக்கால்வாசி உங்களுக்கும் கிடைத்துவிடும்.

இக்ஸியா, ஃபலிராக்கி பக்கத்து ரிசார்ட். விலை கவர்ச்சியாக இருக்கும், சாப்பாடும் சேர்த்து. பழைய நகரத்துக்காகப் போகிறவருக்கு இது பொருந்தாது. போய்வரும் பஸ்ஸிலேயே நல்ல மணிகள் கரையும்.

எங்கே தங்கினாலும் அறை வாடகைக்கு மேல் காலநிலைக் கட்டணம் என்று ஒன்று ஓட்டலிலேயே வாங்குவார்கள். 2025 நிலவரப்படி கோடை மாதங்களில் நட்சத்திரத் தரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 2 முதல் 15 யூரோ. முன்பதிவுத் தளத்தில் காட்டும் தொகையில் இது பல நேரம் சேர்ந்திருக்காது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்ரடீஸ் தெருவிலும் சதுக்கத்திலும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் கடைகளில் உட்காருமுன் விலைப்பட்டியலைக் கேளுங்கள். பூட்ஸ் வடிவக் கண்ணாடிக் குடுவையில் பியர் வைத்துவிட்டுப் பிறகு வரும் பில் பலரை அழவைத்திருக்கிறது. இரண்டு சந்து தள்ளிப் போனால் விலையும் இறங்கும், ருசியும் ஏறும். சைவர்கள் பிதரூதியா இருக்கிறதா என்று கேளுங்கள். கொண்டைக்கடலையும் வெங்காயமும் புதினாவும் சேர்த்துப் பொரித்தது, நம்மூர் மசால் வடைக்குச் சித்தப்பா பிள்ளை.

## யார் எதை எடுக்கலாம்

ரோட்ஸுக்கு ஒரே இரவுதான் ஒதுக்க முடியும் என்றால் பிற்பகல் விமானத்தில் வந்து, மதிலுக்குள் தங்கி, மறுநாள் பிற்பகல் கிளம்புங்கள். ஒரு இரவும் ஒரு காலையும் முழுதாகக் கிடைக்கும். வீரர்கள் தெருவின் மேல்கோடியில் இருக்கும் சபைத் தலைவர் அரண்மனைக்கு உள்ளே போக நேரமில்லை என்றால் கவலைப்படாதீர்கள். 1856-இல் வெடிமருந்து வெடித்துப் பெரும்பகுதி போனது, இப்போது நிற்பதில் பாதிக்குமேல் 1930-களின் கடைசியில் இத்தாலியர்கள் எழுப்பியது. தரையிலுள்ள மொசைக் ஓவியங்கள் பலவும் கோஸ் தீவிலிருந்து பெயர்த்து வந்தவை. அந்த நேரத்தில் காசில்லாமல் அகழிக்குள் நடக்கலாம். தண்ணீர் ஒருநாளும் நின்றிராத வறண்ட அகழி, இரண்டு பக்கமும் மதில் வானத்தை மறைக்கும், கல்குண்டுகள் 1522-இல் விழுந்த மாதிரியே அங்கங்கே கிடக்கும். ஆறு மாதம் தாக்குப்பிடித்த முற்றுகையைப் புத்தகத்தைவிட அங்கே நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

மூன்று இரவு இருந்தால், இருவராகப் போனால், வர கப்பல், திரும்ப விமானம். இப்படி எடுத்தால் காற்றினால் கப்பல் தாமதமானாலும் உங்கள் ஊர் திரும்பும் விமானம் கெடாது. தலைகீழாக எடுக்காதீர்கள். ஒரு நாளைத் தீவின் இன்னொரு பழைய ஊரான லிண்டோஸுக்கு வைத்துக்கொள்ளலாம், புதுச்சந்தையருகேயிருந்து பஸ் போகிறது, ஐம்பது கிலோமீட்டர்.

பெரியவர்கள், கைக்குழந்தை, முழங்கால் வலி என்றால் ஒரே டிக்கெட்டில் விமானம், புதிய நகரத்தில் அறை. கப்பலின் காட்சியை நினைத்து ஆசைப்பட்டால் மந்திராக்கியிலிருந்து சிமி தீவுக்கு ஒரு நாள் படகில் போய்வாருங்கள். திரும்பும்போது அதே மதிலைக் கடலிலிருந்து பார்த்துவிடலாம்.

துருக்கியும் சேர்ந்த பயணமென்றால் மார்மாரிஸ் படகு, ஒரு திசையில் மட்டும். முதல் படகையே பிடியுங்கள். ரோட்ஸிலிருந்து மார்மாரிஸ் வழியாகத் திரும்புகிறவர்கள் அதே நாளில் தாலமானிலிருந்து விமானம் வைக்க வேண்டாம். துறைமுகத்திலிருந்து விமான நிலையம் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், படகும் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும்.